வாசலில் ஒரு கைகுலுக்கல்

ஈஸ்டர் வந்துவிட்டது. நாற்பது நாள் கறியைத் தொடாமல் இருந்த வீடுகளில் ஞாயிறு மதியம் பிரியாணி மணக்கும். அதற்கு முன்பு அதிகாலை ஆராதனை இருக்கிறது. இருட்டோடு பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வைத்துக் கிளப்புவதற்குள் அம்மாக்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒரே ஒரு ஆசை காட்டினால்தான் வாண்டுகள் எழுந்திருக்கும். புதுத்துணி!

பண்டிகைக்குப் புதுத்துணி என்பதில் மத பேதமே கிடையாது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஜவுளிக்கடைப் படியேறாத குடும்பம் எது? கையில் காசில்லாத வருடத்திலும் பெரியவர்கள் தங்களுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது ஒன்று எடுத்துவிடுவார்கள்.

கையில் காசு இருந்தும், கடை திறந்திருந்தும், ஒரு ஊரின் கிறிஸ்தவர்கள் 'இந்த ஈஸ்டருக்குப் புதுத்துணி எடுக்க மாட்டோம்' என்று முடிவு செய்தால் எப்படி இருக்கும்? 1963-ல் அமெரிக்காவில் அப்படி ஒரு ஈஸ்டர் நடந்தது. இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை. பிரியாணி தம்மில் இருக்கும்போது படிக்கலாம்.

ஊரின் பெயர் பர்மிங்காம். இங்கிலாந்தில் இருப்பது வேறு. இது அமெரிக்காவின் தெற்கில், அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கம் பக்கமாகக் கிடைத்ததால் 1871-ல் உருவாகி, மளமளவென்று வளர்ந்த எஃகு நகரம். 1960 கணக்குப்படி சுமார் 3,40,000 பேர். அதில் பத்துக்கு நான்கு பேர் கறுப்பினத்தவர்.

அந்த நகரின் பெரிய கடைவீதியில் கறுப்பினப் பெண் ஒருத்தி தன் மகளுக்கு ஈஸ்டர் கவுன் வாங்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் வெள்ளையர்கள் பயன்படுத்தும் ட்ரையல் ரூமில் அந்தக் குழந்தை கவுனைப் போட்டுப் பார்க்க முடியாது. தண்ணீர்க் குழாய் தனி, கழிப்பறை தனி. அதே கடைக்குள் இருக்கும் சிற்றுண்டி கவுன்ட்டரில் உட்கார்ந்து ஒரு சாண்ட்விச் சாப்பிட முடியாது. அந்தக் கடையில் தரை துடைக்கும் வேலை கிடைக்கும். துணியை எடுத்துக் காட்டும் விற்பனையாளர் வேலை கிடைக்காது.

அந்த மக்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை போன இடம் பாப்டிஸ்ட் சர்ச். அவர்களை விலக்கி வைத்த வெள்ளையர்களில் ஏராளமானவர்களும் ஞாயிற்றுக்கிழமை போனது பாப்டிஸ்ட் சர்ச்தான். ஒரே வேதாகமம், ஒரே நம்பிக்கை, ஒரே பெயர்ப்பலகை. கட்டடம் மட்டும் வேறு வேறு.

பாப்டிஸ்ட் சபைகள் நம் தமிழ்நாட்டில் குறைவு. கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பழகிய நமக்கு அவர்கள் வழக்கம் சற்றுப் புதிதாக இருக்கும். ஆந்திரத்தில் அவர்கள் நிறைய உண்டு. நாகாலாந்தில் பெரும்பான்மையே அவர்கள்தான். வங்காளத்தில் சீராம்பூரில் அச்சகமும் கல்லூரியும் தொடங்கிய வில்லியம் கேரி ஒரு பாப்டிஸ்ட்.

இந்தக் கதைக்கு அவர்களைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று, ஞானஸ்நானம். கைக்குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளிப்பது அங்கே கிடையாது. வளர்ந்து, விவரம் தெரிந்து, 'நான் நம்புகிறேன்' என்று தானே வாய்விட்டுச் சொல்பவருக்குத்தான் ஞானஸ்நானம். அதுவும் முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள். பல சர்ச்சுகளில் இதற்கென்றே மேடைக்குப் பின்னால் ஒரு தொட்டி கட்டியிருப்பார்கள். தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு அடக்கமாவது, மேலே எழுவது அவரோடு உயிர்த்தெழுவது என்பது அதன் பொருள். அதனால் ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் கொடுப்பதைப் பல பாப்டிஸ்ட் சபைகள் விரும்பிச் செய்கின்றன.

இரண்டாவது விஷயம்தான் இங்கே முக்கியம். பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பிஷப் என்று ஒருவர் கிடையாது. போதகரை யாரும் மேலிடத்திலிருந்து அனுப்பி வைப்பதில்லை. சபையார் கூடி அவரை அழைக்கிறார்கள். புதிதாக ஒருவரை உறுப்பினராகச் சேர்ப்பதா என்பதையும் சபையார்தான் தீர்மானிக்கிறார்கள். கை தூக்கி, அல்லது சீட்டு எழுதிப் போட்டு. 'நாங்கள் என்ன செய்வது, மேலிடத்து உத்தரவு' என்று யாரும் கையை விரிக்க முடியாது. மேலிடம் என்றால் நேரே கடவுள்தான்!

இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம் கறுப்பினச் சபைகளில் தெரிந்தது. அடிமை முறையை ஒட்டிய சண்டையில் 1845-ல் அமெரிக்காவின் தென்பகுதி வெள்ளை பாப்டிஸ்டுகள் தனி அமைப்பாகப் பிரிந்து போனார்கள். (அதற்காக அந்த அமைப்பு மன்னிப்புக் கேட்க 1995 ஆனது.) அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்கள் தங்களுக்கென்று சபைகளைக் கட்டிக்கொண்டார்கள். 1873-ல் தொடங்கிய பர்மிங்காமின் பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் சர்ச் அந்த நகரின் முதல் கறுப்பினச் சபை. இப்போதுள்ள அதன் கட்டடம் 1911-ல் முடிந்தது. அதை வடிவமைத்த வாலஸ் ரேஃபீல்டும் கறுப்பினத்தவரே.

பள்ளி ஆசிரியர் வாய் திறந்தால் கல்வி போர்டு வேலையைப் பறித்துவிடும். ஆலைத் தொழிலாளி வாய் திறந்தால் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் பாப்டிஸ்ட் போதகருக்குச் சம்பளம் தருவது அவருடைய சபை மக்கள். அவரை வேலையைவிட்டு நீக்க எந்த வெள்ளைக்காரராலும் முடியாது. அமெரிக்காவின் சிவில் உரிமைப் போராட்டத்தில் ஏன் இத்தனை போதகர்கள் முன்னால் நின்றார்கள் என்பதற்குக் காரணம் தேடுபவர்கள் பக்தியைச் சொல்வார்கள். காணிக்கைத் தட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் அப்படிப்பட்டவர். 1956 கிறிஸ்துமஸ் இரவில் அவர் தங்கியிருந்த வீட்டில் குண்டு வைத்தார்கள். வீடு நொறுங்கியது. மனிதர் உயிரோடு எழுந்து வந்தார். மறுநாளே பேருந்துகளில் வெள்ளையர் பகுதியில் உட்காரும் போராட்டத்தை, ஏற்கெனவே சொன்னபடி நடத்தினார். அவர் தொடங்கிய இயக்கத்தின் கூட்டம் திங்கட்கிழமை இரவுகளில் ஏதாவது ஒரு சர்ச்சில் நடக்கும். ஜெபம், பாட்டு, பிரசங்கம், காணிக்கை, பிறகு அடுத்த வாரம் என்ன செய்வது என்ற பேச்சு. ஞாயிறு ஆராதனையின் அதே வரிசைதான்.

இந்த ஷட்டில்ஸ்வொர்த் அழைத்துத்தான் 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காமுக்கு வந்தார். கிங்கும் பாப்டிஸ்ட் போதகர், போதகரின் மகன். ஊர்க் காவல்துறை 'புல்' கானர் என்பவரின் கையில் இருந்தது. பட்டப்பெயருக்கேற்ற காளை.

போராட்டத்தை எப்போது தொடங்குவது? கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடியாகக் கடைகளில் அதிகம் வியாபாரம் நடப்பது ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில். அந்த நேரத்தில் கடைவீதியைப் புறக்கணிப்பது என்று முடிவானது. இதை வெறும் வியாபாரக் கணக்கு என்று பார்க்கலாம். கிங்கே அதை மறைக்கவில்லை. சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்தக் கணக்கைச் சொல்கிறார். ஆனால் விலை கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். கறுப்பினச் சபைகளில் ஈஸ்டர் என்றால் அலங்காரத் திருநாள். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டில் சமையலுடையும் ஏப்ரனும் போட்டு நிற்கும் பெண், அன்று ஒரு நாள் தொப்பியும் கையுறையுமாக ராணி மாதிரி சர்ச்சுக்கு நடந்து வருவாள். பிள்ளைகள் புது ஷூவில் நின்று மனப்பாட வசனம் சொல்வார்கள். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

விட்டுக்கொடுத்தார்கள். கடைவீதி வியாபாரம் இறங்கியது.

ஏப்ரல் 3-ம் தேதி போராட்டம் தொடங்கியது. ஒவ்வொரு நாள் இரவும் ஒரு சர்ச்சில் கூட்டம். கார்ல்டன் ரீஸ் என்ற இளைஞர் நடத்திய பாடகர் குழு பாட, பாட்டு முடிந்ததும் தொண்டர்களை முன்னால் அழைப்பார்கள். பாப்டிஸ்ட் சபைகளில் பிரசங்கம் முடிந்து, 'இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் முன்னே வாருங்கள்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அதே மாதிரி, இங்கே சிறைக்குப் போகத் தயாராக இருப்பவர்கள் முன்னே வர வேண்டும்.

வந்தவர்களிடம் ஓர் உறுதிமொழி அட்டை கொடுத்தார்கள். அதில் பத்து அம்சங்கள். தினமும் இயேசுவின் வாழ்க்கையைத் தியானிப்பேன், தினமும் ஜெபிப்பேன், கையாலும் நாவாலும் மனத்தாலும் வன்முறை செய்ய மாட்டேன் என்பது போல. அதில் ஒன்று, பிறருக்கும் உலகத்துக்கும் இடைவிடாமல் சேவை செய்ய முயல்வேன் என்பது. இன்னொன்று, உடல்நலத்தையும் பார்த்துக்கொள்வேன் என்பது. இதை எழுதியவர் யாரோ, கட்டாயம் ஒரு குடும்பத் தலைவியிடம் ஆலோசனை கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கையில் கத்தி, கித்தி ஏதாவது இருந்தால் அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும். அடித்தால் திருப்பி அடிக்காமல் இருக்கப் பயிற்சியும் நடந்தது. ஒருவர் போலீஸ் மாதிரி திட்டித் தள்ளுவார். மற்றவர் பொறுத்துக்கொண்டு நிற்பார். நான்கு வருடம் முன்பு, 1959-ல் இந்தியாவுக்கு வந்து காந்தியின் வழியைக் கேட்டறிந்து போயிருந்தார் கிங்.

எல்லோரும் ஒரே மனதாகக் கைகோத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கறுப்பினப் போதகர்களிலேயே பலர் முதலில் தயங்கினார்கள். 'இப்போதுதான் ஊருக்குப் புது மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே' என்றார்கள். அவர்களைச் சம்மதிக்க வைக்கவே கிங் பல கூட்டங்கள் பேச வேண்டியிருந்தது.

ஏப்ரல் 7, குருத்தோலை ஞாயிறு. கிங்கின் தம்பி ஏ.டி. கிங், தானும் பர்மிங்காமில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் போதகர், வேறு போதகர்களோடு சேர்ந்து ஊர்வலத்தை நடத்திக் கைதானார். போலீஸ் நாய்கள் அன்றே தெருவுக்கு வந்துவிட்டன. மூன்றாம் நாள் ஊர்வலங்களுக்கு நீதிமன்றம் தடை போட்டது.

ஏப்ரல் 12, புனித வெள்ளி. கிங்கும் அவருடைய நண்பர் ரால்ஃப் அபர்நாதியும் ஒரு பாப்டிஸ்ட் சர்ச்சிலிருந்து தடையை மீறி நடந்தார்கள். எப்போதும் கோட், டையோடு இருக்கும் கிங் அன்று போட்டிருந்தது ஆலைத் தொழிலாளர்கள் போடும் முரட்டு டெனிம். புதுத்துணி வேண்டாம் என்று மக்களிடம் சொன்னவர் தானும் அப்படியே வந்தார். சற்று தூரத்திலேயே கைது. கிங்கைத் தனி அறையில் அடைத்தார்கள்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. பர்மிங்காமின் வெள்ளை மதத் தலைவர்கள் எட்டுப் பேர் ஓர் அறிக்கை விட்டார்கள். இந்த ஊர்வலங்கள் புத்திசாலித்தனமானவை அல்ல, நேரமும் சரியில்லை, கறுப்பின மக்கள் இதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்களில் பிஷப்புகள் இருந்தார்கள், ஒரு யூத ரபி இருந்தார். ஒரே ஒரு பாப்டிஸ்ட் இருந்தார். நகரின் முதல் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ்.

இந்த எட்டுப் பேரும் வெறியர்கள் அல்ல. அதே ஆண்டு ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று பதவியேற்பு விழாவில் முழங்கினார். அப்போது, நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்படுங்கள் என்று துணிந்து சொன்னவர்களில் இவர்களும் இருந்தார்கள். நல்லவர்கள். பொறுமையானவர்கள். அடுத்தவரையும் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். நம் குடும்பங்களிலும் இப்படிச் சிலர் உண்டு. அடித்தவனைத் தனியாகக் கண்டிப்பார்கள். அடி வாங்கியவளை எல்லோர் முன்னாலும், 'கொஞ்சம் பொறுத்துப் போயேன்மா' என்பார்கள்.

ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு.

அன்று காலை கறுப்பினத்தவர் சிலர் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, வெள்ளையர்களின் சர்ச்சுகளுக்குப் போனார்கள். கோஷம் இல்லை, பலகை இல்லை. ஈஸ்டர் ஆராதனையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஒரு கிறிஸ்தவர் ஈஸ்டர் அன்று சர்ச்சுக்குப் போவதை ஒரு போராட்டமாகச் செய்ய வேண்டியிருந்தது.

உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வாசலிலும் அந்த நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். பாட்டுப் புத்தகம் கொடுத்துப் புன்னகையோடு வரவேற்பதற்காகக் கதவருகே நிற்பார்களே, அந்தத் தன்னார்வலர்கள் இருக்கும் இடம் அது. சர்ச் சேவைகளிலேயே மிகச் சுலபமானது வரவேற்பு வேலைதான் என்று நினைத்து அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பார்கள், பாவம். சில சர்ச்சுகளில் அவர்கள் கதவை மறித்து நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

முதல் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு வந்தவர்களில் கிங்கின் நெருங்கிய துணைவர் ஆண்ட்ரூ யங் இருந்தார். பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்காவின் தூதராகப் போனவர். அந்த வாசலில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ஆராதித்தார்கள். போதகர் ஸ்டாலிங்ஸ் அவர்களிடம் கைகொடுத்தார். அந்தக் கைகுலுக்கலைப் படம் பிடித்துவிட்டார்கள். படம் நியூயார்க் டைம்ஸில் வந்தது.

ஆம், அதே ஸ்டாலிங்ஸ்தான். 'போராடாதீர்கள்' என்ற அறிக்கையில் இரண்டு நாள் முன்பு கையெழுத்திட்டவர்.

இந்த மனிதரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். கிங் சிறையில் இருந்தபடி, அந்த அறிக்கை வெளியான செய்தித்தாளின் ஓரங்களிலேயே பதில் எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 16 என்று தேதியிட்ட 'பர்மிங்காம் சிறையிலிருந்து கடிதம்' இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பொறுமையைப் போதிக்கும் நல்லவர்கள் மீதும், வாய் மூடி நிற்கும் சர்ச் மீதும் தனக்குள்ள ஏமாற்றத்தை எல்லாம் கிங் அதில் கொட்டியிருக்கிறார். அந்தக் கோபத்துக்கு நடுவே சட்டென்று நின்று, ஸ்டாலிங்ஸின் பெயரைச் சொல்லி, போன ஞாயிறு எங்கள் மக்களை உங்கள் ஆராதனையில் வரவேற்றீர்களே என்று பாராட்டுகிறார். தன்னைக் குறை சொல்லிக் கையெழுத்திட்டவரை, கொதிப்பான கடிதத்தின் நடுவிலேயே நன்றியோடு நினைத்துப் பார்க்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்? ஈஸ்டர் பிரசங்கங்களில் மன்னிப்பைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறோம். இந்த ஒரு வரியில் இருக்கும் நியாய உணர்வு எனக்கு அவற்றைவிட அதிகம் பேசுகிறது.

ஸ்டாலிங்ஸுக்கு நேர்ந்தது பரிதாபம். கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டார் என்று வெள்ளை இனவெறியர்கள் வசைக் கடிதங்கள் எழுதினார்கள். அவருடைய சபைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. இன்னொரு பக்கம், கிங்கின் புகழ் ஏற ஏற, 'கிங்கை எதிர்த்த எட்டுப் பேரில் ஒருவர்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1965-ல் அவர் பர்மிங்காமை விட்டு வேறு மாநிலத்துச் சபைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்திருக்கும். மே மாதம் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சிலிருந்து ஊர்வலமாகப் போனதும், புல் கானர் அவர்கள்மீது நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவியதும் உலகத்தையே உலுக்கியது. மே 10-ல் உடன்பாடு வந்தது. சிற்றுண்டி கவுன்ட்டர், கழிப்பறை, விற்பனையாளர் வேலை எல்லாவற்றுக்கும் கெடு குறித்தார்கள். முதலில், மூன்றே நாளில் திறந்துவிட ஒப்புக்கொண்டது எதைத் தெரியுமா? ட்ரையல் ரூம்களை.

செப்டம்பர் 15, ஞாயிறு. பதினாறாவது தெரு சர்ச்சில் அன்று இளைஞர் ஞாயிறு. ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் வெடிகுண்டில் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11.

கடல் கடந்து, பிரிட்டனில் இருக்கும் வேல்ஸில் இந்தச் செய்தியைக் கேட்ட ஜான் பெட்ஸ் என்ற கண்ணாடி ஓவியர், உடைந்துபோன ஜன்னலுக்குப் பதில் ஒன்று செய்து தருகிறேன் என்றார். அங்குள்ள வெஸ்டர்ன் மெயில் பத்திரிகை நிதி திரட்டியது. ஒரு நிபந்தனை வைத்தார்கள். யாரும் அரை கிரௌன் நாணயத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. யாரோ ஒரு பணக்காரர் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, வேல்ஸ் மக்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று. பிள்ளைகள் கைக்காசோடு வரிசையில் நின்றார்கள். சிலுவையில் தொங்கும் கிறிஸ்து அந்த ஜன்னலில் கறுப்பினத்தவராக இருக்கிறார். ஒரு கை அநீதியைத் தள்ளுகிறது. ஒரு கை மன்னிப்பை நீட்டுகிறது. 'சிறியவர்களுக்குச் செய்தது எனக்கே செய்தது' என்று பொருள்படும் மத்தேயு 25-ம் அதிகாரத்தை நினைவூட்டும் சொற்கள் கீழே உள்ளன. 1965 முதல் அந்த ஜன்னல் அங்கே இருக்கிறது.

இங்கே முடித்திருந்தால் நெகிழ்ச்சியான கதை. ஆனால் முதல் பாப்டிஸ்ட் சர்ச்சின் வாசலில் நடந்த கைகுலுக்கலுக்கு ஒரு பின்கதை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான்.

அதற்கு முன், 'இதெல்லாம் அமெரிக்கா விவகாரம்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு தகவல். 1959-ல் இந்தியா வந்தபோது கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்றாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆம், நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். பிறகு ஒரு நாள் தன் சொந்தச் சபையின் பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார். நம் பக்கத்தில் சில கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் செத்தவர்களுக்கு நடுவே ஜாதிச் சுவர் நிற்பதை அவரிடம் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பின்கதை.

ஸ்டாலிங்ஸ் போன பிறகு, முதல் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு ஹெர்பர்ட் கில்மோர் என்ற போதகர் வந்தார். சர்ச் இருந்தது நகரின் நடுவில். சுற்றிலும் ஏழைக் குடும்பங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சபையார் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் வேலை. நல்ல சேவை. யாருக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. படிக்க வந்தவர்களில் கறுப்பினப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

1970-ல், அப்படிப் படிக்க வந்த ஒரு சிறுமியும் அவளுடைய தாயும் சபையில் உறுப்பினராகச் சேர விரும்பினார்கள்.

பாடம் கற்க வந்தபோது எழாத கேள்வி இப்போது எழுந்தது. உதவி பெறுபவராக உள்ளே வருவது வேறு. உறுப்பினராக வருவது வேறு. உறுப்பினர் என்றால் ஒரே திருவிருந்து. போதகரை அழைப்பதிலும், வரவு செலவிலும் அந்தத் தாய்க்கும் ஒரு ஓட்டு. நாளைக்கு யாரைச் சேர்ப்பது என்பதிலும் அவள் கை உயரும். ஏழு வருடம் முன்பு ஈஸ்டர் அன்று விருந்தாளிகளுக்குக் கதவு திறந்தது போதகர் நீட்டிய கையால் சாத்தியமானது. உறுப்பினராக்கப் போதகர் கை போதாது. சபையார் அத்தனை பேரின் கையும் தேவை. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழுந்து வந்த, உயிர்த்தெழுதலை நம்புகிற அத்தனை பேரின் கை.

பல வாரங்கள் பேசினார்கள், வாதாடினார்கள். குடும்பங்களுக்குள் மனஸ்தாபம். அந்தத் தாயையும் மகளையும் சபை ஏற்கவில்லை.

ஞாயிறு பள்ளியில் ஒன்றாக வளர்ந்தவர்கள், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு இன்னொருவர் சமைத்து எடுத்துப் போனவர்கள், இதில் எதிரெதிர் பக்கம் நின்றார்கள். தோற்ற பக்கத்தில் இருந்தவர்களுக்கு இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டு பழைய பெஞ்சில் தொடர்ந்து உட்காரலாம். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. அல்லது, தாத்தா காலத்திலிருந்து காணிக்கை போட்டுக் கட்டிய கட்டடத்தை, அதன் ஆர்கனை, தங்கள் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியை விட்டுவிட்டு வெளியே போகலாம்.

போதகர் கில்மோர் ராஜினாமா செய்தார். அவரோடு சுமார் 250 பேர் வெளியேறினார்கள். நிறம் பார்க்காமல் யாரையும் உறுப்பினராகச் சேர்ப்பது என்ற முடிவோடு புதிய சபை ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு 'உடன்படிக்கையின் பாப்டிஸ்ட் சர்ச்' என்று பெயர் வைத்தார்கள். பர்மிங்காமில் அது இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.